தணிகா என்று ஒரு சொல்

சொந்தப் பேரே ஊருக்கு வசவாகிப் போனால் மனுஷன் என்ன செய்வான்? பேரை மாற்றிக்கொள்ளலாம், இல்லை ஊரை மாற்றிக்கொள்ளலாம். ஜட்கா வண்டிக்காரன் தணிகாசலத்துக்கு இரண்டும் முடியவில்லை. பேர், அவன் அப்பன் திருத்தணிக்குக் கால்நடையாகப் போய் வேண்டிக்கொண்டு வைத்தது. ஊர் என்றால் மயிலாப்பூர்; கால்வாய்க்கரையில் ஒரு வீடு, லஸ் முனையில் வண்டி ஸ்டாண்டு. அதை விட்டால் அவனுக்கும் போக்கிடம் கிடையாது, அவன் குதிரை ராணிக்கும் கிடையாது.

விஷயம் இதுதான். 1946-ல் மயிலாப்பூரில் ஒரு பையன் சாப்பாட்டை மறந்து புத்தகமும் கையுமாக மூலையில் உட்கார்ந்தால், "இன்னாடா, தணிகா புடிச்சுக்கிச்சா?" என்று தாய்க்காரி கேட்பாள். பேப்பரில் மூக்கை நுழைத்தபடி நின்று டிராமைத் தவற விட்டவன் தணிகா. பஜ்ஜி சுற்றி வந்த காகிதத்தைப் படித்துப் பஜ்ஜியை ஆறவிட்டவனும் தணிகா. வக்கீலையும் வாத்தியாரையும் யாரும் அப்படிச் சொல்வதில்லை. அவர்கள் பிழைப்புக்காகப் படிக்கிறவர்கள். பிழைப்பைக் கெடுத்துக்கொண்டு படிக்கிறவனுக்குத்தான் அந்தப் பட்டம். அகராதிக்காரர்கள் கூட இவ்வளவு சுத்தமாக அர்த்தம் பிரித்திருக்க மாட்டார்கள்.

இந்தச் சொல் பிறந்ததற்கு ஜப்பான்காரன்தான் பொறுப்பு. நாற்பத்திரண்டில் அவன் குண்டு போடப் போகிறான் என்று பட்டணமே மூட்டை கட்டியது. ஒரு வக்கீல் குடும்பத்தை எழும்பூர் ஸ்டேஷனுக்கு ஏற்றிக்கொண்டு போனான் தணிகாசலம். அண்டாவா, இந்தத் தகரப் பெட்டியா, ஏதாவது ஒன்றுதான் ரயிலேறும் என்று வக்கீல் மனைவி சொல்லிவிட்டாள். அண்டா ரயிலேறியது. பெட்டி ஜட்காவிலேயே தங்கியது. "நீயே வெச்சுக்கோப்பா, அடுப்பெரிக்கவாவது ஆகும்" என்று சொல்லிவிட்டு வக்கீல் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார்.

பெட்டி நிறையப் புத்தகம். துப்பறியும் நாவல்கள், நாட்டு வைத்தியம், இங்கிலீஷில் என்னென்னவோ. தணிகாசலம் தருமப் பள்ளிக்கூடத்தில் மூணாங்கிளாஸ் வரை போனவன். அதற்கப்புறம் கடைப் பலகைகளைப் படித்தே எழுத்தை மறக்காமல் காப்பாற்றி வைத்திருந்தான். ஊர் காலி, சவாரி கிடையாது. சும்மா இருந்தவன் ஒரு நாவலைப் பிரித்தான். அவ்வளவுதான், காய்ந்த மாடு கம்பங்கொல்லையில் புகுந்த கதையாகிவிட்டது. நாட்டு வைத்தியத்தைப் படித்துவிட்டு ராணிக்கு ஒரு கஷாயம் போட்டுக் கொடுத்தான். அது மூன்று நாள் அவன் முகத்தில் விழிக்கவில்லை.

ஓடின ஜனம் திரும்பி வந்தது, சவாரியும் வந்தது, படிப்பு மட்டும் போகவில்லை. ஒரு கையில் கடிவாளம், மறு கையில் புத்தகம். ஒரு நாள் மாம்பலத்தில் சீமந்தம் என்று ஒரு மாமி வண்டி ஏறினாள். நாவலில் அப்போதுதான் கொலை விழுந்திருந்தது. கடிவாளம் தளர்ந்தால் ராணிக்குத் தெரிந்த இடம் ஒன்றே ஒன்று, கச்சேரி ரோட்டில் ஹபீபுர் ரஹ்மான் பாய் கடை. பாய் புத்தகம் பைண்டு பண்ணுகிறவர், தணிகாசலத்தின் சிநேகிதர். பசை காய்ச்சினது போக மிச்ச மாவை ராணிக்குக் கரைத்து வைப்பார். வண்டி அங்கே போய் நின்றது. ராணி குடித்தது, அவன் படித்தான், மாமி உள்ளே பட்டுப் புடவையோடு அரை மணி நேரம் புழுங்கினாள்.

"ஏண்டாப்பா, மாம்பலம் வந்துடுத்தா?" என்றாள் கடைசியில்.

"யாரு குத்துனான்னு இன்னும் தெரியலம்மா" என்றான் அவன், தலை நிமிராமல்.

மாமி போய்ச் சேர்ந்தபோது இலையே எடுத்தாகிவிட்டதாம். அவள் லஸ் முனைக்கே வந்து நின்று, ஸ்டாண்டு முழுக்கக் கேட்கிற மாதிரி விஷயத்தைச் சொல்லிவிட்டுப் போனாள். அன்று சாயங்காலமே, பராக்குப் பார்த்துச் சவாரியை விட்ட இன்னொருத்தனை, "இன்னா நைனா, தணிகா பண்ணிட்டியா?" என்று கேட்டார்கள். ஜட்காக்காரன் வாயில் ஏறின சொல்லுக்கு டிக்கெட் வேண்டியதில்லை. அது திருவல்லிக்கேணி போனது, அடையாறு போனது, கிண்டியில் குதிரைப் பந்தயம் நடக்கிற நாளில் சைதாப்பேட்டையையும் தாண்டிப் போனது. போகிற வழியில் ஆளை இறக்கிவிட்டுச் சொல் மட்டும் போனது. நாலு மைல் தள்ளிச் சொல்கிறவனுக்கு அது ஒரு மனுஷன் பேர் என்றே தெரியாது.

தணிகாசலத்துக்கு அது நிஜமாகவே வலித்தது. கொலை செய்தவன் பேரைக்கூட ஊர் நாலு வாரத்தில் மறந்துவிடுகிறது. தெருவில் யாரோ யாரையோ "டேய் தணிகா" என்று திட்டுவான். இவன் "இன்னாப்பா" என்று திரும்பிப் பார்த்துவிட்டு அசடு வழிவான். ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

பேர் போனது போகட்டும் என்று அவன் விட்டிருப்பான். அது மகள் தலையில் வந்து விடிந்தது. சுலோச்சனாவுக்குப் பதினெட்டு வயசு, லட்சணமான பெண். முதலில் வந்தவர்கள், "அந்தத் தணிகா பொண்ணா?" என்று பாதிக் காப்பியில் எழுந்துபோனார்கள். இரண்டாவது வந்தவர்கள் வீட்டு வாசலில் விசாரித்துவிட்டு உள்ளேயே வரவில்லை. அன்றைக்குப் பூராவும் பெண்டாட்டி தேவானை அவனோடு பேசவில்லை. அவள் பேசாமல் இருந்து அவன் பார்த்ததே இல்லை என்பதால் அவனுக்குப் பயம் வந்துவிட்டது. இந்த மூன்றாவது இடமும் தன் பேரால் தட்டிப் போனால் பெண் முகத்தில் எப்படி விழிப்பது என்பது ஒன்றுதான் அவனுக்கு அப்புறம் ஞாபகம்.

மூன்றாவது இடம் ஈக்காட்டுத்தாங்கல். பையன் கன்னியப்பன், கிண்டிப் பக்கம் ஒரு பட்டறையில் ஃபிட்டர். தகப்பன் இல்லை, தாய் பச்சையம்மா வைத்ததுதான் சட்டம். அவர்கள் பெண் பார்க்க வருகிற அன்று காலையில் தேவானை புத்தகங்களை எல்லாம் அள்ளிக்கொண்டு போய் லாயத்தில் வைக்கோலுக்கு அடியில் போட்டாள். ராணி ஒரு நாவலின் கடைசி அத்தியாயத்தைத் தின்றுவிட்டது. அதில் குத்தினவன் யார் என்று தணிகாசலத்துக்கு இன்றுவரை தெரியாது.

"எதுனா காயிதம் கண்ல பட்டா மேல பாத்துக்கினு குந்து. வாய மட்டும் தொறந்த, அப்புறம் இருக்குது" என்று அவனுக்கு உத்தரவு.

பச்சையம்மா காப்பி டம்ளரைக் கீழே வைத்ததும் நேராக விஷயத்துக்கு வந்தாள். "எனுக்கு நக நட்டு ஒண்ணும் வாணாம்மா. வீட்ல இந்தத் தணிகா கிணிகா இருக்கக் கூடாது, அவ்ளதான். பொண்ணு படிக்குமா?"

"அத்துக்கு அ, ஆவே தெரியாது" என்றாள் தேவானை. வாரத்துக்கு ஒரு நாவல் முடிக்கிற சுலோச்சனா கதவுக்குப் பின்னால் நின்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"எம் புள்ளயும் அப்பிடித்தான். காயிதத்தக் கையால தொடமாட்டான்" என்றாள் பச்சையம்மா. கன்னியப்பன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"பொண்ணோட நைனா பேரு இன்னா?"

இங்கேதான் சனி வந்து உட்கார்ந்தது. தேவானை புருஷன் பேரை வாயால் சொல்லி அறியாதவள். சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்று சொல்லி வளர்த்திருந்தார்கள். திருத்தணி என்றுகூடச் சொல்லமாட்டாள், "மலைக்கோயிலு" என்பாள். வழக்கப்படி, பக்கத்தில் நின்ற தம்பியைப் பார்த்து, "சொல்லேண்டா" என்றாள்.

தம்பி சேட்டு குளத்தங்கரையில் பழம் விற்கிறவன். புளிக்கிற மாம்பழத்தைத் தேன் என்று சொல்லிப் பழகின வாய். அவன் மாமனைப் பார்த்தான், கதவிடுக்கில் மருமகளைப் பார்த்தான், பச்சையம்மாவைப் பார்த்தான்.

"சேட்டு" என்றான்.

தேவானைக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பொய் சொன்னவன் தம்பி. திருத்திச் சொல்லலாம் என்றால் அவள் புருஷன் பேரைச் சொல்லக் கூடாதே! ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணு என்பார்கள், இங்கே ஒரு பொய்யில் முடிகிறது, சல்லிசு. தணிகாசலமோ உத்தரவுப்படி மோட்டு வளையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அன்றிலிருந்து அவன் பெரிய சேட்டு, மச்சான் சின்ன சேட்டு. ஸ்டாண்டு ஆட்களுக்கெல்லாம் தேவானை வெற்றிலை பாக்கு வைத்துச் சொல்லிவிட்டு வந்தாள். அவர்களும் நல்லவர்கள்தான், ஒத்துக்கொண்டார்கள். என்ன, "சேட்டு" என்று கூப்பிட்டால் இரண்டு பேரும் ஒரே சமயத்தில் திரும்பினார்கள், இல்லாவிட்டால் இரண்டு பேருமே திரும்பவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நிச்சயதாம்பூலம். வீட்டு முன்னால் ஒரு கீற்றுக் கொட்டகை, நாற்பது பேர். நாலரைக்கு ராகுகாலம், அதற்குள் லக்னப் பத்திரிகையைச் சபையில் வாசித்துத் தட்டு மாற்றியாக வேண்டும். பத்திரிகையை எழுதிக்கொண்டு வந்தவர் பிள்ளை வீட்டுப் பக்கத்து வாத்தியார் மாணிக்கவாசகம். வாசிப்பதும் அவரே. இரண்டு ஜட்காவில் பதினாலு பேர் அடைந்துகொண்டு வந்ததில் யாரோ அவர் சட்டைப் பையின் மேலேயே உட்கார்ந்திருக்கிறார்கள். அவர் பையில் கையை விட்டபோது மூக்குக்கண்ணாடி பொடியாக வந்தது.

"நீங்களே எழுதுனது தானே சாமி, மனப்பாடமா சொல்லிடுங்களேன்" என்றான் சின்ன சேட்டு.

"நாள், நட்சத்திரம் ஒண்ணு மாறினாலும் தோஷம்யா. பார்த்துத்தான் வாசிக்கணும்" என்றார் வாத்தியார். பத்திரிகையை மூக்குக்குக் கிட்டே கொண்டுபோனார், கையை நீட்டித் தூரமாகப் பிடித்தார். மஞ்சள்தான் தெரிந்தது.

சபையில் இருந்ததெல்லாம் வண்டிக்காரர்களும் பழக்காரர்களும். ஹபீபுர் ரஹ்மான் பாய் ஆயிரம் தமிழ்ப் புத்தகம் பைண்டு பண்ணியிருக்கிறார், ஆனால் பக்கத்தைத் தலைகீழாகத் தைக்காத அளவுக்குத்தான் அவருக்குத் தமிழ் எழுத்து தெரியும். அவரிடம் ஒரு பாக்கெட் கடிகாரம் இருந்தது. அதைத் திறந்து பார்த்து, "இருவது நிமிஷம்" என்றார்.

படிக்கத் தெரிந்தவர்கள் அங்கே இருந்தார்கள். அவர்கள்தான் வாயைத் திறக்கக் கூடாதவர்கள். ஒருத்தன் மோட்டைப் பார்த்தான், ஒருத்தன் தரையைப் பார்த்தான், ஒருத்தி கதவுக்குப் பின்னால் நின்றாள்.

"பதினெட்டு" என்றார் பாய்.

தணிகாசலத்துக்குத் தாங்கவில்லை. நேரம் தப்பினாலும் கல்யாணம் நிற்கும், தான் படித்தாலும் நிற்கும். எழுத்துக் கூட்டித் தெரியாதவன் மாதிரி வாசித்தால் ஒருவேளை தப்பிக்கலாம். "குடுங்க சாமி. எனுக்கு ஏதோ ரெண்டு எழுத்து வரும்" என்று பத்திரிகையை வாங்கிக்கொண்டான். தேவானை பார்த்த பார்வையில் அவன் பஸ்பமாகாதது அதிசயம்.

"சு... சுப... சுபமஸ்து" என்று திக்கித் திக்கித்தான் ஆரம்பித்தான். இரண்டு வரி வரை அந்த வேஷம் நின்றது. மூன்றாவது வரியில் பழக்கம் மீறிவிட்டது. குரல் எழும்பியது, வாரமும் திதியும் நட்சத்திரமும் மடமடவென்று வந்தன. ஈக்காட்டுத்தாங்கல் பச்சையம்மா குமாரன் கன்னியப்பனுக்கு, மயிலாப்பூர்...

அங்கே நின்றான். "சேட்டு குமாரத்தி சுலோச்சனாவை" என்று எழுதியிருந்தது.

அவன் பேர் எழுத்தில் வந்து அவன் பார்த்ததில்லை. வண்டி வில்லையில்கூட நம்பர்தான். நாலு பேர் முன்னால் பேர் வாசிக்கப்படுகிற நாள் வாழ்க்கையில் ஒன்று வருகிறது, அதில் மச்சான் பேரா? பெற்று வளர்த்து எழுத்துச் சொல்லிக்கொடுத்த பெண்ணை இன்னொருத்தன் மகள் என்று தன் வாயாலேயே எப்படி வாசிப்பது? படிக்கத் தெரியாத சபைதானே, என்ன எழுதியிருக்கிறது என்று யார் கண்டார்கள்? பின்னால் வருவது பின்னால் வரட்டும் என்று இருந்தது அவனுக்கு.

"மயிலாப்பூர் தணிகாசலம் குமாரத்தி சுலோச்சனாவை" என்று வாசித்தான்.

"மாமா" என்றான் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளை, தணிந்த குரலில். "அங்க சேட்டுன்னு கீது."

வேண்டுமென்று சொன்னதில்லை. ஒருத்தன் தப்பாகப் படித்தால் பொறுக்காது, அந்த இனத்துக்கே உள்ள வியாதி. சொன்ன பிறகுதான் கன்னியப்பனுக்குத் தான் என்ன செய்தோம் என்று உறைத்தது.

"அத்த நீ எப்பிட்றா பாத்த?" என்றாள் பச்சையம்மா. மகன் மறுபடியும் தரையைப் பார்த்தான். அவள் தணிகாசலம் பக்கம் திரும்பினாள். "நீ இன்னாயா படிச்ச? தணிகாசலமா? அது யாரு?"

"நான்தாம்மா. சேட்டுன்றது என் மச்சான் பேரு. ஊர்ல தணிகா தணிகான்றீங்களே, அதுவும் நான்தான்."

"தணிகான்றது ஆளா?" என்றாள் பச்சையம்மா. "திருத்தணி மலைல கீற சாமி கோவிச்சுக்கினு புடிக்கிறதுன்னு இல்ல எங்கூர்ல சொன்னாங்கோ? அதுக்கோசரம் இவன ரெண்டு வாட்டி இட்டுக்கினு போயி மொட்ட அடிச்சனே."

கன்னியப்பன் தலையைத் தடவிக்கொண்டான். லஸ் ஸ்டாண்டுக்காரர்கள் துண்டை வாயில் அடைத்துக்கொண்டும் சிரிப்பு நிற்கவில்லை. பச்சையம்மாவுக்கு அதில் கோபம் ஏறியது. "பேர மறச்சா பொண்ணு குடுப்பீங்கோ?"

"நாங்க பேரத்தான் மறச்சோம். நீங்க புள்ளயவே மறச்சிங்களே" என்றாள் தேவானை.

"பதிமூணு" என்றார் பாய்.

பச்சையம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். கோபம் போய் அழுகை வருகிற மாதிரி இருந்தது. "எனுக்கு யார் மேலயும் கொற இல்லம்மா. இவன் பட்டறைல படிச்சுக்கினே சம்மட்டிய கால்ல போட்டுக்கினவன். பொறுப்பான பொண்ணா வந்து இஸ்துப் புடிச்சா நான் நிம்மதியா கண்ண மூடுவேன்னு பாத்தேன். நீயே சொல்லு. இப்பிடிப்பட்ட ஆளோட நீ எப்பிடிம்மா குடும்பம் நடத்துன?"

"அத்த ஏன் கேக்கற" என்று ஆரம்பித்தாள் தேவானை. நாலு வருஷமாகச் சேர்த்து வைத்த மூட்டை. "புளி வாங்கப் போனா புளிய கடையிலயே வுட்டுட்டு அது சுத்துன காயிதத்தோட வருவாரு. கொழம்பு கொதிச்சா எறக்கத் தெரியாது. குதிரையே இந்தாள நம்பாது." மூச்சு வாங்குவதற்காக நிறுத்தினாள். மறுபடி ஆரம்பித்தபோது அவள் குரல் மாறியிருந்தது. "குடிக்க மாட்டாரு. கை நீட்ட மாட்டாரு. சாப்ட்டுட்டுப் படுத்தா, அன்னிக்குப் படிச்சத்த அப்பிடியே எனுக்குக் கதையா சொல்லுவாரு. எனுக்கு ஒரு எழுத்து தெரியாது. ஆனா அந்தப் பொட்டில கீற அத்தினி கதையும் தெரியும். எந்தக் கதன்னு கேளு, சொல்றேன்."

தணிகாசலம் அவளைத் திரும்பிப் பார்த்தான். பெண்டாட்டி தூங்கிவிட்டாள் என்று நினைத்துக்கொண்டுதான் அவன் இத்தனை நாளும் சொல்லி வந்தான். கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்று தெரியாது.

பச்சையம்மா தேவானை முகத்தையே பார்த்தாள். அவள் புருஷன் இருந்த காலத்தில் அவளுக்கு யாரும் கதை சொன்னதில்லை.

"பத்து நிமிஷம்" என்றார் பாய், கொஞ்சம் தயங்கி.

"பொண்ணு படிக்குமா? நெசத்த சொல்லு" என்றாள் பச்சையம்மா.

"படிக்கும்" என்றாள் தேவானை. "சமைக்கவும் செய்யும். மொதல்ல சமைக்கும்."

"அது போதும். சாமி, பேர சரியா எழுதுங்க."

அடித்துத் திருத்தினால் ஆகாது என்று வாத்தியார் எப்போதும் மஞ்சள் தடவின காகிதம் ஒன்று உபரியாக வைத்திருப்பார். காகிதம் இருந்தது, பேனா இருந்தது, கண்ணாடிதான் இல்லை. அவர் பச்சையம்மாவைப் பார்த்தார். பச்சையம்மா மகனைப் பார்த்தாள்.

"எழுதித் தொலடா. இனிமே மறைக்க இன்னா கீது?"

கன்னியப்பன் முழங்காலில் பலகையை வைத்துக்கொண்டு, பழைய பத்திரிகையைப் பார்த்து எழுத ஆரம்பித்தான். கையெழுத்து குண்டு குண்டாக அழகாக இருந்தது. இரும்பு அராவுகிற கைக்கு அந்த எழுத்து எங்கிருந்து வந்தது என்று வாத்தியாரே கேட்டிருப்பார், கண் தெரிந்திருந்தால். பேர் வருகிற இடத்தில் அவன் பேனாவைத் தூக்கி, "சலமா, ஜலமா மாமா?" என்று மரியாதையாகக் கேட்டுக்கொண்டு எழுதினான். பாய் நாலு நிமிஷம் என்று சொன்னபோது முடித்தான்.

"நீயே படி" என்றார் வாத்தியார்.

மாப்பிள்ளை எழுந்து நின்று வாசித்தான். வாரம், திதி, நட்சத்திரம். ஈக்காட்டுத்தாங்கல் பச்சையம்மா குமாரன் கன்னியப்பனுக்கு, மயிலாப்பூர் தணிகாசலம் குமாரத்தி சுலோச்சனாவை. கணீரென்ற குரல், தெருமுனை வரை கேட்டிருக்கும். தணிகாசலம் தலையைக் குனிந்துகொண்டு, பழக்க தோஷத்தில், சிரிப்புக்காகக் காத்திருந்தான். நாற்பது பேரில் ஒருத்தரும் சிரிக்கவில்லை. லஸ் ஸ்டாண்டுக்காரர்கள்கூடக் கையைக் கட்டிக்கொண்டு கேட்டார்கள். பெண்ணைப் பெற்றவன் பேர் என்ன என்று சபைக்குச் சொன்னார்கள், சபை கேட்டுக்கொண்டது, அவ்வளவுதான்.

"தட்டு மாத்துங்க" என்றார் பாய். தட்டை வாங்க நீட்டின கையால் தணிகாசலம் முதலில் கண்ணைத் துடைத்துக்கொள்ள வேண்டியிருந்தது.